சீர் தூங்கா

என் அக்கா பவுனுக்கு வாயில் வராத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அது ‘தெரியாது’. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராவது வெளியூர்க்காரர் வந்து இன்ன ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அப்படி ஓர் ஆபீஸ் ஊரில் உண்டா இல்லையா என்பதே தெரியாமல், நேரே போய் இடது பக்கம் திரும்பச் சொல்லுவாள். அவர் சுற்றி அலைந்து மறுபடியும் அவள் முன்னாலேயே வந்து நின்றால், நான் சொன்ன இடத்தில் ஏன் திரும்பவில்லை என்று அவரையே அதட்டுவாள். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவார். அப்போது அவளுக்குப் பத்து வயது.

நான் மாரிசெல்வம், அவளுக்கு மூன்று வயது இளையவன். அவள் சொன்னதையெல்லாம் நம்பி வளர்ந்தவன். அதனால் இந்தக் கதையில் எனக்கு அவள்மீது கொஞ்சம் கோபம் இருப்பது போலத் தெரிந்தால் அது நியாயமான கோபம். என் காதில் இரண்டாம் முறையும் ஓட்டை போட வைத்தவள் அவள். சும்மா வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஊசியை வைத்துக் குத்தினார்கள்.

1998-இல் எங்கள் தெருவில் கலர் டிவி இருந்தது ஒரு வீட்டில்தான். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த சுகிர்தம் ஆன்ட்டி வீடு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பும்வரை நாங்கள் வாசலிலேயே காத்துக் கிடப்போம். ஆன்ட்டி வந்து கதவைத் திறந்து, எல்லாரையும் குழாயடியில் கால் கழுவ வைத்து, ஈரக்காலோடு வராதே என்று ஒரு சாக்கில் துடைக்கவும் வைத்து உள்ளே விடுவார். பன்னிரண்டு மணிக்கு டெல்லியிலிருந்து ‘பிஜிலிராஜ்’ வரும்.

பிஜிலிராஜ் இந்தி நாடகம். நீலச்சட்டை, நீலப் பேன்ட், நெஞ்சில் ஒரு மஞ்சள் கோடு. கையை நீட்டினால் விரல் நுனியிலிருந்து நெருப்புப் பொறி பறக்கும். கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவான். அவனுக்கு எதிரி ஒருத்தன். கருப்பு அங்கி, கையில் ஒல்லியான நீள ஈட்டி, முழி பிதுங்குகிற மாதிரி கண்ணுக்கு மை. ஒவ்வொரு வாரமும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பிஜிலிராஜை விரட்டுவான். வாரத்துக்கு ஒரு முறையாவது பல்லைக் கடித்துக்கொண்டு “சீர் தூங்கா! சீர் தூங்கா!” என்று கத்துவான்.

எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. முதல் வாரம் பாதி நாடகம்வரை தாவுவதையும் பொறி பறப்பதையும் வைத்துச் சமாளித்தோம். அப்புறம் எல்லாரும் நின்றுகொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கருப்பு அங்கிக்காரன் “சீர் தூங்கா” என்று கத்தியபோது, ஆன்ட்டியின் மகன் வினோத்ராஜ் அவன் என்ன சொல்கிறான் என்று சத்தமாகக் கேட்டான்.

எல்லாரும் பவுனைப் பார்த்தோம். காரணம், அதற்கு முந்தின வருஷம் அவள் ஒரு இந்தி டியூசனுக்குப் பதினோரு நாள் போயிருந்தாள். பன்னிரண்டாம் நாள் டியூசன் வீட்டு நாய் விரட்டியதால் நின்றுவிட்டாள். அந்தப் பதினோரு நாளில் எழுத்து பாதிகூட முடியவில்லை. ஆனால் எங்களுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல அவளுக்கும் வாய் வராது.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“சீருன்னா சீருதான். சீர் செய்யாமத் தூங்க மாட்டேங்கிறாரு. அவரு யாருன்னு நெனச்சீக? பிஜிலிராஜுக்குத் தாய்மாமன்.”

இப்போது எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். பெயர் அழகுமலை. கம்பத்திலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருந்தார். அதற்கு முன்னால் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே எல்லாம் போய்வந்தவர். எனக்கு ஐந்து வயதில் குலசாமி கோயிலில் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மாமா அன்றைக்குக் கிடா, பட்டுத்துணி, கடுக்கன், பதினோரு தாம்பாளம் என்று சீரையெல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். உத்தமபாளையம் தாண்டியதும் டயர் வெடித்துவிட்டது. மாற்று டயரைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை.

இங்கே கோயிலில் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா வகையறாவில் அவசரப்படுத்திவிட்டார்கள். அம்மாவுக்குத் தூரத்து முறையில் தம்பி ஆகிற ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, அவர் மடியில் என்னை வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். மாமா வந்து சேர்ந்தபோது நான் காதில் மஞ்சளோடு மிட்டாய் தின்றுகொண்டிருந்தேனாம். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏற்றி வந்த தாம்பாளம் ஒன்றைக்கூட இறக்காமல் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கிடா மட்டும் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது என்று பவுனு சொல்லுவாள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அதோடு சரி. நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. சின்னமனூர் வழியாகத் தேனிக்குப் போனாலும் எங்கள் தெரு முக்கில் ஹாரன்கூட அடிக்க மாட்டார். அப்பாவும் இறங்கிப் போக மாட்டார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

பிஜிலிராஜ் கதைக்கு வருகிறேன். தாய்மாமன் என்று பவுனு சொன்ன மாத்திரத்தில் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெற்ற அம்மா உயிரோடு இருக்க, பிஜிலிராஜுக்குக் காது குத்தும்போது மாமனைக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். அந்த மனுஷன் ஊரை எரிக்கிறார் என்றால் எரிக்கத்தானே செய்வார்? கையில் இருப்பது ஈட்டி இல்லை, காது குத்துகிற ஊசி. அடிப்பதற்காக விரட்டவில்லை, குத்துவதற்காக விரட்டுகிறார். பிஜிலி என்றால் வெடி என்பது எங்களுக்கே தெரியும், தீபாவளிக்குச் சரம் சரமாக வாங்குவோமே, அந்த பிஜிலி வெடிதான். ஆகவே பிஜிலிராஜ் சிவகாசிப் பட்டாசுக்காரர் வீட்டுப் பையன். விரலில் பொறி பறப்பது குடும்பத் தொழில். கேமராவும் கையுமாக அவன் பின்னாலேயே திரிகிற பெண் இருக்கிறாளே, அவள் அந்த மாமன் மகள். முறைப்பெண்.

ஒரு வாரம்கூடக் கதை எங்கும் இடிக்கவில்லை. அதுதான் அவளுடைய திறமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதியில் கரண்ட் போய்விட்டது. டிவி அணைந்த பிறகும் பவுனு நிறுத்தாமல் மீதிக் கதையைச் சொல்லி முடித்தாள். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு எழுந்து போனோம். டிவியே ஓடாதபோது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க ஒருத்தனுக்கும் மூளை இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெல்ல மெல்லத் தெருவே கருப்பு அங்கிக்காரன் கட்சிக்கு மாறிவிட்டது. பிஜிலிராஜ் அவரை அடித்தால் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். சுகிர்தம் ஆன்ட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே கதை கேட்பார். கண்ணீர் வெங்காயத்தினாலா கதையினாலா என்று சொல்ல முடியாது. அந்த ஆளைப் போய் ஒரு வார்த்தை கூப்பிட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று டிவியைப் பார்த்துக் கோபப்படுவார்.

நான் வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் அம்மாவிடம் ஒப்பிப்பேன். அம்மா குழம்பைக் கிண்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் அடுப்பைப் பார்த்தபடியே, அந்தப் பையனுடைய அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் பதில் சொல்லுவதற்குள் பவுனு முந்திக்கொண்டாள். அவளுக்கும் கூப்பிட ஆசைதான், ஆனால் வீட்டுக்காரருக்கு ரோஷம் விட மாட்டேன் என்கிறது என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அப்பா மோர் கேட்டார். அம்மா ஊற்றினார். எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது நினைத்தால் பன்னிரண்டு வயதில் இவளுக்கு எங்கிருந்து அந்த நெஞ்சழுத்தம் வந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த வருஷக் கடைசியில் வினோத்ராஜ் தன் அப்பாவோடு குமுளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனான். ஏறிய ஜீப் எங்கள் மாமாவுடையது. மலையேறும்போது பொழுதுபோகாமல் பிஜிலிராஜ் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறான். மாமா யார் சொன்ன கதை என்று கேட்டாராம். பவுனு அக்கா சொன்னது, அதுக்கு இந்தி தெரியும் என்றானாம் இவன். மாமா அடுத்த வளைவில் ஜீப்பை ஓரமாக நிறுத்தி, இவனுக்கு ஒரு அன்னாசிப்பழக் கீற்று வாங்கிக் கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாராம்.

1999 சித்திரையில் பிஜிலிராஜ் முடிந்தது. கடைசி வாரம் ஆன்ட்டி வீட்டில் நிற்க இடமில்லை. பாறை உச்சியில் பெரிய சண்டை. ஈட்டி முறிந்தது. கருப்பு அங்கிக்காரர் கீழே விழுந்தார். பிஜிலிராஜ் மண்டி போட்டு அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவர் ஏதோ சொன்னார். மெதுவாகக் கண்ணை மூடினார். இசை சோகமாக வந்தது. செத்துவிட்டாரா என்று வினோத்ராஜ் பயந்துபோய்க் கேட்டான்.

பவுனு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “சாகல. சீர் செஞ்சு முடிச்சாச்சுல்ல, இனிமே தூங்குறாரு. எத்தன வருசத்துத் தூக்கம்.”

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரு முக்கில் ஜீப் ஹாரன் சத்தம் கேட்டது. மாமா இறங்கினார். பதினோரு தாம்பாளம் இறங்கியது. கிடாவும் இறங்கியது, அது வேறு கிடா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். மாமா அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, டிவியில் வருகிற ஆளே சீர் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டாராமே, நான் மட்டும் எதற்காக முழித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று சொன்னார். அம்மா அழுதுவிட்டார். அப்பா வந்து தாம்பாளத்தை வாங்கினார். அவ்வளவுதான் சமாதானம். ஒரு பஞ்சாயத்தாலும் முடியாத காரியம் இது.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு மட்டும்தான் சேதம். முதலில் குத்திய காது தூர்ந்து போயிருந்தது. அதனால் பத்து வயதில், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பையனை, தெருவே கூடி நிற்க மாமா மடியில் உட்கார வைத்தார்கள். என் கால் இரண்டும் தரையில் இடித்தது. வினோத்ராஜ் சிரித்தான். ஆசாரி ஊசியை எடுத்தபோது நான் போட்ட கூச்சலில் கிடா மிரண்டது. பவுனு என் தலையைப் பிடித்துக்கொண்டு, பிஜிலிராஜ் அழுதானா, நீ ஏன் அழுகிறாய் என்று கேட்டாள்.

பிறகு வருஷங்கள் போயின. 2005-இல் அவளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்தோம். மச்சானுக்குத் திராட்சைத் தோட்டம். ‘பொண்ணுக்கு இந்தி தெரியும்’ என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது அம்மாதான். அம்மா அதை மனதார நம்பினார். ஒரு முறை கம்பளி விற்கிற வடக்கத்திக்காரர் ஒருவர் வாசலுக்கு வர, அவளுடைய மாமியார் பெருமையோடு மருமகளைக் கூப்பிட்டு விலை பேசச் சொல்லியிருக்கிறார். இவள் கையை ஆட்டி, தலையை ஆட்டி, “நஹி, நஹி” என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். கடைசியில் அந்த ஆள் அலுத்துப்போய், அக்கா, நான் பத்து வருஷமாகப் போடியில்தான் இருக்கிறேன், தமிழிலேயே கேளுங்கள் என்றாராம். பவுனு கொஞ்சமும் அசராமல் மாமியார் பக்கம் திரும்பி, நான் பேசப் பேச அவருக்கே தமிழ் வந்துவிட்டது பாருங்கள் என்றாளாம்.

மாமா இதற்குள் எங்கள் வீட்டில் பாதி ஆளாகிவிட்டார். கம்பத்தில் நான் செல்போன், சிடி கடை வைத்தபோது இடம் பார்த்துக் கொடுத்ததே அவர்தான். அவருடைய ஜீப் ஸ்டாண்டு என் கடைக்கு எதிரில். சண்டை போட்டுக்கொண்டு யாராவது பேச்சை நிறுத்தினால், பிஜிலிராஜ் மாமன் கதையைச் சொல்லித்தான் சமாதானம் செய்து வைப்பார். பத்து வருஷமாக ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம் அந்தக் கதை மனப்பாடம்.

2010-இல் ஒரு நாள் மதுரையிலிருந்து என் கடைக்கு வந்த பெட்டியில் பிஜிலிராஜ் இருந்தான். தமிழில் டப் செய்து மொத்தமாகப் போட்ட டிவிடி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையில் முதல் தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பத்தாவது நிமிஷத்தில் கருப்பு அங்கிக்காரன் வந்தான். ஈட்டியைத் தூக்கினான். பல்லைக் கடித்தான். எனக்கு வாய் தன்னாலே அசைந்தது. அவன் தமிழில் சொன்னான்: “உன்னைக் கிழித்துவிடுவேன்!”

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கிழித்துவிடுவேன்தான். பிஜிலி என்றால் மின்னலாம். சிவகாசியே கிடையாது. கேமராப் பெண் பத்திரிகைக்காரி, யாருக்கும் முறைப்பெண் இல்லை. அந்த ஆள் வேற்றுக் கிரகத்திலிருந்து பூமியைப் பிடிக்க வந்தவன். அவனுக்கும் பிஜிலிராஜுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கு முதலில் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு காதைத் தடவிப் பார்த்தேன், கோபம் வந்தது. தெரு முழுக்க, இவ்வளவு வருஷமாக, எங்கள் எல்லாருக்கும் காது குத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எதிரில் ஜீப்பில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மாமா கண்ணில் பட்டார். சிரிப்பு, கோபம் இரண்டும் போய்ப் பயம் வந்துவிட்டது.

பவுனுக்கு போன் போட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “ஒடச்சுப் போட்ருடா” என்றாள். மாமா ரோஷக்காரர். டயர் வெடித்த ஒரு காரணத்துக்காக ஐந்து வருஷம் பேசாமல் இருந்தவர். தன்னை ஒரு பூதத்தோடு சேர்த்துக் கதை கட்டி, சின்னப்பிள்ளை ஒன்று தன்னை ஏமாற்றித் திரும்ப வர வைத்தது என்று தெரிந்தால் சும்மா இருப்பாரா? அதிலும் இன்னும் மூன்று வாரத்தில் பவுனு மகன் மகிழனுக்குக் காது குத்து. இந்த முறை தாய்மாமன் நான். மாமாதான் கூட நின்று எல்லாம் நடத்தித்தர வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு காது குத்தில் மாமா ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனால், அம்மா அதைத் தாங்க மாட்டார்.

உடைத்துப் போட முடியவில்லை. அதற்குள் மாமா டீ கிளாஸோடு கடைக்குள் வந்துவிட்டார், அட்டையில் நீலச்சட்டைக்காரனைப் பார்த்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடும்போது, காது குத்துக்கு முந்தின நாள் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பவுனு ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வருஷம் தினமும் கரண்ட் போகும். அவள் தெருவில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை. ஆகவே படம் இரண்டு மணிக்கு என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். நாலு மணிக்குப் பிறகு விருந்து வேலை, விளக்கு வேலை என்று நேரத்தைக் கடத்திவிடலாம் என்பது கணக்கு. அன்றைக்குப் பார்த்துக் காலையிலேயே கரண்ட் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்துவிட்டது. இரண்டு மணிக்கு டிவி ஜம்மென்று எரிந்தது. பவுனு அதைப் பார்த்த பார்வையை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

கூடம் நிறைய ஆள். சுகிர்தம் ஆன்ட்டி சின்னமனூரிலிருந்து வந்திருந்தார், வினோத்ராஜும் வந்திருந்தான். மாமா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மகிழனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பவுனு காபித் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். கருப்பு அங்கிக்காரன் வந்தான். கூடத்தில் இருந்த பழைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் “சீர் தூங்கா!” என்று கத்தினோம். அதற்கு மேல் சத்தமாக டிவி சொன்னது, உன்னைக் கிழித்துவிடுவேன் என்று.

எல்லாத் தலையும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது.

“டப்பிங்ல மாத்திட்டாக” என்றாள் பவுனு. “இந்தி சரியாத் தெரியாத ஆள வச்சு எழுதியிருக்காக.”

கொஞ்ச நேரத்துக்கு அதுவும் எடுபட்டது. மச்சான்கூடத் தலையாட்டினார். ஆனால் டிவி விடவில்லை. மின்னல் என்றது, வேற்றுக் கிரகம் என்றது, பூமி என்றது. வினோத்ராஜ் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான். சுகிர்தம் ஆன்ட்டி, அப்படியானால் நான் அழுததெல்லாம் எதற்கு என்று பொதுவாகக் கேட்டார். மாமா என்னைப் பார்த்து, கடைசித் தட்டைப் போடு என்றார். போட்டேன். பாறை வந்தது. ஈட்டி முறிந்தது. அந்த ஆள் பிஜிலிராஜ் மடியில் கண்ணை மூடினான். ‘ஒழிந்தது தீமை’ என்று ஒரு குரல் சொல்லி, நாடகம் முடிந்தது. செத்துத்தான் போயிருந்தான்.

மாமா மகிழனைக் கீழே இறக்கிவிட்டுவிட்டு எழுந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். நானும் அந்த ஜீப் திரும்புகிற சத்தத்தை எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பவுனு தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“மாமா, எனக்கு இந்தி தெரியாது.”

இருபத்துநான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருந்த வினோத்ராஜ்கூட நிறுத்திவிட்டான்.

“எனக்குத் தெரியும்த்தா” என்றார் மாமா.

அவளுக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான் புரியவில்லை. அவர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். லாரி ஓட்டிய ஆறு வருஷமும் நாக்பூரிலும் அதற்கு மேலேயும்தான் கிடந்திருக்கிறார். இந்தியில் சண்டையே போடுவார். அன்றைக்கு மலையேறும்போது வினோத்ராஜ் கதை சொல்லச் சொல்லவே இது முழுக்கப் பொய் என்று தெரிந்துவிட்டது. கம்பத்தில் டீக்கடை டிவியில் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்து உறுதியும் செய்துகொண்டார். பிறகு ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். மாமா என்னைப் பார்க்கவில்லை, பவுனைப் பார்த்தே பேசினார்.

“பன்னெண்டு வயசுப் புள்ள எனக்காக ஒரு நாடகத்தையே மாத்திச் சொல்லிக்கிட்டு இருக்கு. ஊருல ஒருத்தரும் எம்பக்கம் பேசல, நீ ஒருத்திதான் பேசுன. அதக் கேட்டப்பெறகும் வீம்பாத் திரிஞ்சா நான் மனுசனாத்தா?”

அம்மா அழ ஆரம்பித்திருந்தார். ஒளிப்பானேன், நானும் அழுதுவிட்டேன். என் காதில் குத்திய இரண்டாவது ஓட்டையை அந்த நிமிஷம் மன்னித்தேன்.

மாமா அதோடு விடவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கம் சொன்னார்.

“அவன் சொன்னதுக்குக் கிழிச்சுப்புடுவேன்னுதான் அர்த்தம். ஆனா தூங்கான்னு தனியாச் சொன்னா, குடுப்பேன்னு அர்த்தம். சீரு நம்ம சொல்லு, தூங்கா அவுக சொல்லு. சேத்துப் பாரு, சீர் குடுப்பேன். அதக் கேட்டுத்தான் அன்னைக்குத் தாம்பாளத்த எறக்குனேன்.”

பவுனு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு நிமிர்ந்து, மாமியாரிலிருந்து வினோத்ராஜ் வரைக்கும் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நாந்தான் அப்பவே சொன்னேன்ல, எனக்கு இந்தி தெரியும்னு” என்றாள்.